ஊரை ரெண்டாக்கும் பேட்ச்

பழைய வியூக விளையாட்டு ஒன்றுக்கு ரசிகர்கள் புது பேட்ச் (ஆட்டத்தின் கோப்புகளைத் திருத்தும் பொட்டலம்) விட்டால், அதன் குறிப்பை இரண்டு விதமாகப் படிப்பார்கள். தனியாக கேம்பெய்ன் (கதையாகத் தொடரும் களங்கள்) ஆடுகிறவர் முதலில் தேடுவது: "பாதியில் நிற்கிற என் சேவ் ஃபைல் திறக்குமா?" கூட்டமாக ஆடுகிறவர் தேடுவது: "சனிக்கிழமை ராத்திரிக்குள் எட்டு பேரும் இதைப் போட்டுவிடுவார்களா?" இரண்டுமே நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்றுக்கு நல்ல பதில் கிடைத்தால் மற்றதற்குப் பெரும்பாலும் கெட்ட பதில் கிடைக்கும்.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பிரவுசிங் சென்டர் லேனிலும் (கணினிகளை வயரால் இணைக்கும் உள் நெட்வொர்க்) காலேஜ் ஹாஸ்டலிலும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்ற வியூக விளையாட்டைப் பழகிய தலைமுறைக்கு இந்தப் பிரிவு தெரியாது. அங்கே எல்லா கணினியிலும் ஒரே சிடியிலிருந்து காப்பி எடுத்த ஒரே போல்டர். பேட்ச் என்ற பேச்சே கிடையாது. ஆட்ட அரட்டையில் பதினொன்றாம் நம்பர் அடித்தால் சிரிப்புச் சத்தம், முப்பது அடித்தால் "வொலோலோ" என்ற பூசாரியின் மந்திரம், அவ்வளவுதான். இப்போது அதே ஆட்கள் ஆளுக்கொரு ஊரிலிருந்து மறுபடி சேர்ந்து ஆட உட்காரும்போதுதான் "மக்கா, நீ எந்த வெர்ஷன் வச்சிருக்க?" என்ற கேள்வி வருகிறது. அதில் போகிற நேரம் ஆட்டத்தில் போகிற நேரத்தைவிடக் கூடுதல்.

இதை ரசனைச் சண்டையாகப் பார்ப்பவர்கள் உண்டு: ஒரு பக்கம் பழமைவாதி, மறுபக்கம் போட்டி வெறியன் என்று. வேர் அங்கே இல்லை. இந்த விளையாட்டுகள் வயரில் எதை அனுப்புகின்றன, எதை அனுப்புவதில்லை என்பதில் இருக்கிறது.

மான் ஒன்று நகர்ந்தால்

ஒரு ஆட்டத்தில் ஆயிரம் படைவீரர் நடமாடும்போது ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார் என்று மற்ற கணினிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தால் 1990களின் மோடம் தாங்காது. முதல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் குறிவைத்தது 28.8 கே மோடம், பென்டியம் 90, 16 எம்பி ரேம். அதில் எட்டு பேர் ஆட வேண்டும். அதனால் அவர்கள் செய்த ஏற்பாடு: வீரர்களின் இடத்தை அனுப்பாதே, கட்டளையை மட்டும் அனுப்பு. "இந்த ஐந்து வில்லாளரும் அங்கே போகட்டும்" என்ற ஒரு வரி எட்டு கணினிக்கும் போகும். எட்டும் தனித்தனியே ஒரே ஆட்டத்தைக் கணக்குப்போட்டு நடத்தும். சுமார் 200 மில்லி செகண்ட் ஒரு சுற்று. இப்போது கொடுத்த கட்டளை இரண்டு சுற்று தள்ளி எல்லா இடத்திலும் ஒரே நொடியில் நடக்கும்.

எட்டும் ஒரே விடைக்கு வந்தால்தான் இது ஓடும். தற்செயல் எண்கூட எல்லோருக்கும் ஒரே விதையிலிருந்து, அதாவது ஒரே தொடக்க எண்ணிலிருந்து, வருகிறது. விளையாட்டைச் செய்தவர்களே 2001-ல் இதைப் பற்றி எழுதியபோது ஒரு மானை உதாரணம் சொன்னார்கள். வரைபடம் உருவாகும்போது ஒரு கணினியில் மான் இம்மியளவு விலகி நின்றுவிட்டது. அது மேயும் பாதை கொஞ்சம் மாறுகிறது. சில நிமிஷம் கழித்து அதை வேட்டையாடப் போகும் ஊர்க்காரன் வேறு பாதையில் நடக்கிறான், ஈட்டி தவறுகிறது, இறைச்சி வீட்டுக்கு வரவில்லை. ஒரு கணினியில் உணவு இருக்கிறது, மற்றதில் இல்லை. இதைத்தான் நாம் "சிங்க் போச்சு" என்கிறோம்.

இப்போது பேட்சுக்கு வருவோம். ஆட்டத்தின் கணக்கைத் தொடுகிற எந்தத் திருத்தமும், எவ்வளவு நல்லதாக இருந்தாலும், எட்டு பேரும் ஒரே நேரத்தில் போட்டால்தான் பயன். ஒருவர் போடாவிட்டால் அது பிழைதிருத்தமாக இருக்காது, புதுப் பிழையாக இருக்கும். பாதை கண்டுபிடிக்கும் முறை, கட்டட விலை, வில்லின் வேகம், ஆட்டுக்குட்டி எந்தப் பக்கம் திரும்பும் என்பது எல்லாம் இந்தக் கணக்குக்குள் வரும். அகலத் திரை, மவுஸ் வேகம், மினிமேப் நிறம், மெனு எழுத்து எல்லாம் வெளியே. வெளியே உள்ளதை ஒருவர் மட்டும் மாற்றினால் ஆட்டம் உடையாது.

உடையாது என்றாலும் சண்டை வராது என்று அர்த்தமில்லை. அகலத் திரை வைத்தவருக்கு ஒரே பார்வையில் கூடுதல் நிலம் தெரியும். தனியாக ஆடுகிறவருக்கு அது கண்ணுக்கு இதம். போட்டியில் அது எதிரி வருவதை ஒரு நொடி முன்னால் பார்ப்பது. கமாண்ட் அண்ட் காங்கர் ஜெனரல்ஸ் என்ற இன்னொரு வியூக விளையாட்டில் கேமராவை மேலே தூக்குவதும் இதே வகைதான்.

யூசர்பேட்சிலிருந்து டெஃபினிட்டிவ் வரை

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ஐ எடுத்துக்கொண்டால் இந்தப் பிரிவின் முழு வரலாறும் கிடைக்கும். 1999-ல் 13 நாகரிகம் (நாம் தேர்ந்தெடுத்து ஆடும் தரப்பு). 2000-ல் காங்கரர்ஸ் என்ற விரிவாக்கம் வந்து 18 ஆனது. அதிகாரப்பூர்வமாகக் கடைசி பேட்ச் 1.0சி. அதற்குப் பிறகு நிறுவனம் விட்டுவிட்டது, ரசிகர்கள் விடவில்லை.

யூசர்பேட்ச் என்று ரசிகர் பக்கத்திலிருந்து வந்தது முதலில் இரு தரப்புக்கும் பிடித்த பிள்ளை. விண்டோஸ் விஸ்டா, 7-ல் புல் சிவப்பாகவும் தண்ணீர் ஊதாவாகவும் தெரிந்த 256 நிறக் கோளாறு நினைவிருக்கும். அதற்காக டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரை அணைத்துவிட்டு ஆடினார்கள். யூசர்பேட்ச் அதைத் தீர்த்தது. அகலத் திரை கொடுத்தது. கணினி எதிரிக்கு ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்குப் புதுக் கட்டளைகள் கொடுத்தது. இது முக்கியமான விஷயம், பலர் கவனிப்பதில்லை. பழைய ஆட்டத்தில் மிகக் கடின நிலையில் கணினி எதிரி இலவசமாகப் பொருள் வாங்கிக்கொண்டு ஏமாற்றும். புதுக் கட்டளைகள் வந்ததும் ஏமாற்றாமலே நன்றாக ஆடும் எதிரிகளை ரசிகர்கள் எழுதினார்கள். கூட்டாட்டத்துக்காக மட்டும் வந்த பேட்ச் என்று சொல்லப்பட்ட ஒன்று, தனியாக ஆடுகிறவருக்கு நல்ல எதிரியையும் கொண்டுவந்தது.

2012 டிசம்பரில் ஃபர்காட்டன் எம்பயர்ஸ் என்ற ரசிகர் விரிவாக்கம் ஐந்து நாகரிகங்களைச் சேர்த்தது. அதில் ஒன்று இந்தியர். 2013 ஏப்ரலில் எச்டி பதிப்பு வந்தது. அந்த ரசிகர் குழுவே அதே ஆண்டு நவம்பரில் தி ஃபர்காட்டன் என்ற பெயரில் அதிகாரப்பூர்வ விரிவாக்கத்தைச் செய்தது. இங்கேதான் ஊர் ரெண்டானது. புது கேம்பெய்ன், புது நாகரிகம், பெரிய மக்கள்தொகை வரம்பு என்று தனியாக ஆடுகிறவர் எச்டிக்குப் போனார். போட்டி ஆடுகிறவருக்கு எச்டியின் இணைய ஆட்டம் தாமதமும் சிங்க் போவதுமாக இருந்தது. அவர் வூப்லி தளத்தில் 1.0சி-யும் யூசர்பேட்சும் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார். பிறகு வொலோலோகிங்டம்ஸ் என்ற மோட் (ரசிகர்கள் செய்யும் மாற்றுப் பதிப்பு) வந்தது. எச்டியின் புது நாகரிகங்களை எடுத்துப் பழைய இயக்கத்தில் ஓட்டியது அது. எச்டியும் அதன் விரிவாக்கங்களும் காசு கொடுத்து வாங்கியிருந்தால்தான் நிறுவ முடியும். புதுப் பொருள், பழைய அடுப்பு. 2019 நவம்பர் 14-ல் டெஃபினிட்டிவ் எடிஷன் என்ற அதிகாரப்பூர்வ மறுபதிப்பு வந்த பிறகுதான் இரண்டு கூட்டமும் பெரும்பாலும் ஒரே கூரைக்குள் திரும்பியது. அப்போதும் ஒரே அறைக்குள் இல்லை.

2022 ஏப்ரலில் டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற விரிவாக்கம் வந்ததும் இதை நாம் நம் கண்ணாலேயே பார்க்கலாம். பழைய "இந்தியர்" உடைந்து இந்துஸ்தானியர், கூர்ஜரர், வங்காளியர், திராவிடர் என நான்கானது. தமிழ் ஆட்கள் பெரும்பாலும் அதை வாங்கியது ராஜேந்திர சோழன் கேம்பெய்னுக்காக. உருமி வீரனும் திரிசடைக் கப்பலும் வந்ததுக்காக. போட்டி ஆடுகிறவர் பார்த்தது வேறு: திராவிடருக்கு நைட் (குதிரை வீரர்) வரிசை கிடையாது, ஆனால் ஒவ்வொரு யுகம் ஏறும்போதும் 200 மரம் சும்மா கிடைக்கும், பாரக்ஸ் (காலாட்படைக் கூடம்) ஆராய்ச்சிகள் பாதி விலை. இந்த 200 மரத்தைக் கூட்டிக் குறைப்பது ஒருவருக்கு ஒருவர் ஆடுகிற ஆட்டத்தில் உயிர்ப்பிரச்சினை. நடு யுகத்திலோ கடைசி யுகத்திலோ தொடங்குகிற கேம்பெய்ன் களத்தில் அதே 200 மரம் பெரிதாக ஒன்றும் செய்யாது. யானையின் உயிர்ப்புள்ளியைத் தொட்டால் கதை தலைகீழ். போட்டியில் சிறு சரிசெய்தல். யானைப்படையை நம்பி அமைத்த களத்தில் அது முழுத் திட்டத்தையும் கலைக்கும்.

எந்தக் களம் முதலில் உடையும்

ஒரு பேட்ச் கேம்பெய்னைக் கெடுத்ததா என்று சோதிக்க வேண்டுமென்றால் எல்லாக் களமும் ஆடிப்பார்க்க வேண்டாம். பொருள் சேகரிக்கிற ஊர்க்காரர் இல்லாத களத்தை எடுத்தால் போதும். ஜோன் ஆஃப் ஆர்க் கேம்பெய்னின் முதல் களம் நல்ல அளவுகோல். கையில் கொடுத்த படையோடு ஜோனை சினோனுக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். சேகரிக்கப் பொருளாதாரம் இல்லை. ஊர் இருக்கும் களத்தில் ஒரு வீரன் பலவீனமானால் இன்னும் இரண்டு பேரைச் செய்துகொள்ளலாம். ஆட்டம் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். எண்ணிக் கொடுத்த படையில் அந்த வழி இல்லை. வீரனின் கவசத்தில் ஒரு புள்ளி கூடினாலும் குறைந்தாலும் களம் மிக லேசாகும் அல்லது முடிக்க முடியாததாகும்.

பாதை கண்டுபிடிக்கும் முறையைத் திருத்தினாலும் இதேதான். பழைய ஆட்டத்தில் படை பாலத்தில் சிக்கி நிற்கும் என்று தெரிந்து, அதற்கேற்ப நேரம் வைத்து ட்ரிகர் (களத்தில் நிகழ்வுகளைத் தூண்டும் கட்டளை) எழுதியிருப்பார்கள். படை ஒழுங்காக நடக்க ஆரம்பித்தால் எதிரி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நிற்பான். பிழையோடு சேர்த்துக் கட்டப்பட்ட களம் பிழை போனதும் ஆடிப்போகும். "பிழையைத் திருத்தியதற்கா கோபம்?" என்று கூட்டாட்டக்காரர் கேட்பது இதனால்தான் அர்த்தமில்லாமல் போகிறது.

மறுபக்கமும் உண்டு. கேம்பெய்ன் கெடக்கூடாது என்று சமநிலையைத் தொடாமல் விட்டால், ஒரே உத்தியை எல்லோரும் ஆடுவார்கள். மனிதர் மனிதரோடு ஆடுகிற ஆட்டம் ஆறு மாசத்தில் மனப்பாடமாகிவிடும். கணினி எதிரி நம் ஓட்டையைக் கண்டுபிடிப்பதில்லை. மனிதன் ஒரே வாரத்தில் கண்டுபிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறான்.

ஜீரோ ஹவர்: கோப்பு அளவில் நடக்கிற சண்டை

ஜெனரல்ஸின் விரிவாக்கமான ஜீரோ ஹவர் 2003-ல் வந்தது, கடைசி அதிகாரப்பூர்வ பேட்ச் 1.04. இதன் இணைய ஆட்டம் கேம்ஸ்பை சேவையை நம்பியிருந்தது. 2014-ல் அது மூடியதும் ரசிகர்கள்தான் தாங்கிப் பிடித்தார்கள். ஜென்பேட்சர் பழைய ஆட்டத்தைப் புது விண்டோஸில் ஓடவைக்கும். ஜென்டூல் திரை அளவு, கேமரா உயரம், ஏமாற்றுத் தடுப்பு எல்லாம் பார்க்கும், அது டி3டி8.டிஎல்எல் என்ற ஒரே கோப்பாக ஆட்டப் போல்டரில் உட்காரும். இன்னொரு பக்கம் ஷாக்வேவ், காண்ட்ரா, ரைஸ் ஆஃப் தி ரெட்ஸ் போன்ற பெரிய மோட்கள். தனியாக ஆடுகிறவர்களுக்கு இவைதான் விருந்து.

இவை மோதுவது எப்படி என்றால், ஆட்டம் தன் தகவலை பிக் என்று முடியும் கோப்புகளில் வைத்திருக்கிறது, பெயரின் அகரவரிசைப்படி படிக்கிறது. அதனால்தான் மோட் கோப்புகளின் பெயர் ஆச்சரியக்குறியில் தொடங்கும்: முதலில் படிக்கப்பட வேண்டும். மோட் ஆடிவிட்டு அந்த ஒரு கோப்பை எடுக்க மறந்துவிட்டு சாதா 1.04 ஆட்டத்துக்கு வந்தால், லாபியிலேயே (ஆட்டத்துக்கு முன் ஆட்கள் சேரும் இடம்) பொருந்தாது என்று சொல்லும், அல்லது நடு ஆட்டத்தில் கணக்கு ஒத்துப்போகவில்லை என்ற மிஸ்மேட்ச் செய்தி வந்து எல்லோரும் வெளியே. இன்னொரு பழைய வில்லன்: சில டிஜிட்டல் பதிப்புகளில் டேட்டா போல்டருக்குள் இருக்கும் ஐஎன்ஐ போல்டரில் ஐஎன்ஐஇசட்எச்.பிக் என்ற கோப்பின் இரண்டாம் பிரதி இருக்கும். வெளிப் போல்டரில் இருப்பதே போதும். உள்ளே இருப்பதை நீக்குங்கள் அல்லது பெயர் மாற்றுங்கள்.

2025 பிப்ரவரியில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் இந்த ஆட்டத்தின் மூல நிரலை, யாரும் திருத்திப் பகிரலாம் என்ற ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டது. இப்போது ரசிகர்கள் எதை வேண்டுமானாலும் திருத்தலாம். அவர்கள் செய்த புத்திசாலித்தனம் எனக்குப் பிடித்தது: பழைய 1.04 ஆட்டத்தோடு கணக்கு ஒத்துப்போகும் திருத்தங்களை ஒரு பக்கமும், ஒத்துப்போகாதவற்றை நிரலுக்குள்ளேயே ஒரு சுவிட்சுக்குப் பின்னாலும் வைக்கிறார்கள். பழைய ஆட்டப் பதிவுகளை ஓடவிட்டு, கணக்கு விலகுகிறதா என்று பார்க்கிறார்கள். பிழைதிருத்தமும் சமநிலை மாற்றமும் ஒரே பொட்டலத்தில் வந்தால் ஆளுக்கு ஒரு காரணத்துக்காக அதை வெறுப்பார்கள். பொட்டலத்தைப் பிரித்தாலே பாதிச் சண்டை தீரும் என்பது என் கருத்து.

மற்றவை, சுருக்கமாக

ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3 முறைவைத்து ஆடுகிற ஆட்டம், ஆனாலும் இரண்டு குடும்பமாகப் பிரிந்தது. 2001-ல் வந்த வேக் ஆஃப் காட்ஸ் என்ற ரசிகர் மோட் தளபதிகள், எட்டாம் நிலைப் பிராணிகள் என்று அள்ளிக் கொட்டியது. தனியாக ஆடியவர்கள் கொண்டாடினார்கள், போட்டியில் அது எடுபடவில்லை. ஹார்ன் ஆஃப் தி அபிஸ் என்ற இன்னொரு மோட் அளந்து சேர்த்தது. செத்தவர்களை எலும்புக்கூட்டு வீரராக எழுப்பும் நெக்ரோமன்சியின் 10, 20, 30 சதவீதத்தை 5, 10, 15 ஆகக் குறைத்தது. எலும்புக்கூட்டுப் படையைப் பெருக்கி கேம்பெய்ன் முடித்தவருக்கு அது கொள்ளை. எதிரே உட்கார்ந்து தோற்றவருக்கு நியாயம். வாங்கும்போது ஒன்று: 2015-ல் யுபிசாஃப்ட் விட்ட எச்டி பதிப்பில் விரிவாக்கங்கள் இல்லை, ஹார்ன் ஆஃப் தி அபிஸ் அதில் ஏறாது. கம்ப்ளீட் பதிப்புதான் வேண்டும்.

சிவிலைசேஷன் 5-ல் கூட்டாட்ட மெனுவில் மோட் போடவே வழியில்லை. அதனால் வோக்ஸ் பாப்புலி போன்ற பெரிய மோட் இயல்பாகவே தனியாள் சொத்தாகிவிட்டது. கூட்டாக ஆட வேண்டுமென்றால் மோடை டிஎல்சி (நிறுவனம் விற்கும் கூடுதல் பகுதிகள்) போல்டருக்குள் பொட்டலமாக்கி வைத்து, ஆட்டம் அதை விரிவாக்கம் என்று நம்பும்படி செய்ய வேண்டும். லெக்மாட் என்ற மோட் அப்படித்தான் நிறுவப்படுகிறது.

ஸ்ட்ராங்ஹோல்ட் குருசேடருக்கான ரசிகர் பேட்சில் நிறைய டிக் பெட்டிகள் உண்டு. கணினி எதிரி மாட்டுத் தொழுவமாகக் கட்டித்தள்ளுவதை நிறுத்தும் பெட்டிகூட இருக்கிறது. தனியாக ஆட அருமை. இரண்டு பேர் சேர்ந்து ஆடினால் ஒருவர் போட்ட டிக் எல்லாம் மற்றவரிடமும் அப்படியே இருக்க வேண்டும். அமைப்புக் கோப்பையே அனுப்பிவிடுவது நல்லது. ஓப்பன்ஆர்ஏ வேறு வழி போனது: பழைய ரெட் அலர்ட்டை முதலிலிருந்து எழுதி, சமநிலையையும் மாற்றியது. கூட்டமாக ஆடக் கொள்ளாம். 1996 கேம்பெய்னின் பழைய ருசி வேண்டுமென்றால் அது அங்கே கிடைக்காது.

ஒரே கணினி, இரண்டு போல்டர்

எந்த பேட்ச் உயர்ந்தது என்று வாதாடுவதை விட்டுவிட்டு, ஒரே ஆட்டத்தை இரண்டு போல்டரில் வையுங்கள். காங்கரர்ஸ் சுமார் ஒரு ஜிபி; ஜீரோ ஹவர் சில ஜிபி. இடம் ஒரு பிரச்சினையே இல்லை.

முதலில், புரோகிராம் ஃபைல்ஸுக்குள் வைக்காதீர்கள். பழைய ஆட்டம் அங்கே எழுத முயன்றால் விண்டோஸ் அதை ஓசைப்படாமல் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற மறைவுப் போல்டருக்குத் திருப்பிவிடும். பேட்ச் ஏறியதாகக் காட்டும், ஆட்டம் பழையதையே படிக்கும். டி டிரைவில் கேம்ஸ் என்று ஒரு போல்டர் போதும். சுத்தமான ஆட்டத்தை நிறுவி, ஒருமுறை திறந்து மூடி, அதை அப்படியே காப்பி எடுத்து ஒன்றுக்குத் "தனி", மற்றதற்குக் "கூட்டு" என்று பெயர் வையுங்கள்.

அடுத்து பேட்ச். சில நிறுவிகள் விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் பதிந்த பாதையைத் தேடிப்போய் ஏறும். "கூட்டு" போல்டரில் நின்று ஓட்டினாலும் "தனி"யைத்தான் மாற்றும். நிறுவும்போது காட்டும் பாதையைப் படித்துவிட்டு அடுத்ததை அழுத்துங்கள். இந்த ஒரு அவசரத்தில்தான் பெரும்பாலான கேம்பெய்ன் சேவ்கள் போகின்றன.

ஜெனரல்ஸ் வைத்திருப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை. ஆட்டப் போல்டரை இரண்டாக்கினாலும் சேவ், ரீப்ளே, வரைபடம், ஆப்ஷன்ஸ் கோப்பு எல்லாம் டாக்குமென்ட்ஸில் ஒரே இடத்தில்தான் போய் விழும். அந்தப் போல்டரையும் காப்பி எடுத்துப் பெயர் மாற்றி வைத்தால்தான் பிரித்ததாக அர்த்தம். ஆப்ஷன்ஸ் கோப்பு இல்லாவிட்டால் புது விண்டோஸில் ஆட்டம் திறந்ததுமே சீரியஸ் எர்ரர் காட்டி மூடிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஸ்டீமில் வாங்கியதாக இருந்தால், கோப்புகளைச் சரிபார்க்கும் பொத்தானை அழுத்தாதீர்கள். மோட் மாற்றிய கோப்பையெல்லாம் பழையபடி ஆக்கிவிடும். தானாகப் புதுப்பிப்பதை "திறக்கும்போது மட்டும்" என்று மாற்றுங்கள். டெஃபினிட்டிவ் எடிஷனில் புதுப்பிப்பு வந்ததும் பழைய ஆட்டப் பதிவுகள் ஓடாது, நடுவில் நிறுத்திய சேவும் பெரும்பாலும் திறக்காது. கேம்பெய்ன் களம் பாதியில் இருந்தால் முடித்துவிட்டுப் புதுப்பியுங்கள்.

கூட்டு ஆட்டத்துக்கு முன்னால் வெர்ஷன் எண்ணை வாயால் கேட்டால் போதாது. எல்லோரும் "கடைசி வெர்ஷன்தான்" என்பார்கள். விண்டோஸோடு வரும் சர்ட்யூட்டில் கருவியால் டேட்டா கோப்பின் ஹாஷை (கோப்பின் கைரேகை போன்ற எழுத்துத்தொடர்) எடுத்து, அதன் கடைசி ஆறு எழுத்தை வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லுங்கள். ஒருவருடையது மட்டும் மாறியிருந்தால் அவருக்கு உங்கள் கோப்பை அனுப்பிவிடலாம். ஐந்து நிமிஷ வேலை, இரண்டு மணி நேர ஆட்டத்தைக் காப்பாற்றும்.

வயரும் மழையும்

சிடியிலிருந்து வந்த பழைய பதிப்புகளுக்கு விண்டோஸ் 10-ல் இரண்டு தடை. ஒன்று, நகலெடுப்பதைத் தடுக்கும் சேஃப்டிஸ்க் பாதுகாப்புள்ள சிடிகளை விண்டோஸ் இப்போது ஏற்பதில்லை. இரண்டு, பழைய ஆட்டங்கள் நெட்வொர்க்குக்கு நம்பும் டைரக்ட்பிளே தானாக இருக்காது. கன்ட்ரோல் பேனலில் விண்டோஸ் அம்சங்கள் பட்டியலில் லெகசி காம்போனன்ட்ஸுக்குள் போய் டிக் போட வேண்டும். ரெட் அலர்ட் 2-ன் லேன் ஐபிஎக்ஸ் என்ற பழைய நெட்வொர்க் முறையில் ஓடியது, விஸ்டாவிலேயே அது போய்விட்டது. ரசிகர்கள் செய்த டபிள்யூசாக்32.டிஎல்எல் கோப்பைப் போல்டரில் வைத்தால் அது இன்றைய யுடிபி முறைக்கு மாற்றிக் கொடுக்கும்.

வீட்டிலிருந்து வீட்டுக்கு ஆடும்போது 47624-ம் 2300 முதல் 2400 வரையும் போர்ட் திறக்கச் சொல்லும் பழைய குறிப்புகளைப் பார்த்து ரூட்டரோடு மல்லுக்கட்ட வேண்டாம். இங்கே கேபிள்காரர் கொடுக்கிற பல இணைப்புகளில் ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்கின்றன. உங்கள் ரூட்டரில் திறந்தாலும் வெளியே திறக்காது. தூரத்துக் கணினிகளை ஒரே லேனில் இருப்பதுபோல் சேர்க்கும் ராட்மின் விபிஎன் போட்டு, ஆட்டத்தின் நெட்வொர்க் அமைப்பில் 26-ல் தொடங்கும் முகவரியைத் தேர்ந்தெடுங்கள். ஜீரோ ஹவரில் இதைத் தேர்ந்தெடுக்க மறந்தால் நண்பரின் அறை லாபியில் தெரியவே தெரியாது.

எல்லாக் கணினியும் ஒரே கணக்கைப் போடுகிற முறை என்பதால், மெதுவானவருக்காக எல்லோரும் காத்திருப்பார்கள். குலசேகரம், அருமனை போன்ற மலையோரப் பகுதியில் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஆடுகிற ஒருவரின் பிங் (தகவல் போய் வரும் நேரம்) குதித்தால் எட்டு பேர் திரையும் திணறும். அவருக்கு வயர் இணைப்பு கிடைக்கிற வீட்டில் ஆட்டம் வைப்பதுதான் தீர்வு, எந்த பேட்சும் இதற்கு மருந்தாகாது. ஐப்பசி மாலையில் இடி தொடங்கினால் மின்பிளக்கை மட்டும் கழற்றிப் பயனில்லை. லேன் வயர் வழியாகவும் மின்னல் இறங்கி ஸ்விட்சின் போர்ட்டைக் கருக்கும். ரூட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வைத்தால் கரண்ட் போய் வருவதற்குள் லேப்டாப் ஆட்கள் சேவ் எடுத்துவிடலாம். கூட்டாட்டத்தில் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு சேவ் என்று நடத்துபவர் வைத்துக்கொள்வது நல்லது. சிங்க் போனால் அந்த சேவிலிருந்து திரும்பத் தொடங்கலாம். அதே நிமிஷத்தில் மறுபடி போனால் யாரோ ஒருவரின் கோப்பு வேறு என்று அர்த்தம்.

குளச்சலை வரைகிறவருக்கு

1741 குளச்சல் போரை வரைபடமாக்கிப் பார்க்கும் ஆசை இந்த மாவட்டத்தில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் எடிட்டரைத் திறக்கிற பலருக்கும் வரும். கடற்கரை, டச்சு முகாம், மார்த்தாண்ட வர்மாவின் படை, கடைசியில் டச்சுத் தளபதி டிலனாய் பிடிபடுவது. தேவையானால் உதயகிரிக் கோட்டை வரை நீட்டலாம். எந்தப் பதிப்பில் வரைவது என்பதிலேயே மேலே சொன்ன சண்டை முழுவதும் இருக்கிறது.

1.0சி-யில் வரைந்தால் எல்லோராலும் திறக்க முடியும். பழைய களத்தைப் புதுப் பதிப்பு திறக்கும். புதியதைப் பழையது திறக்காது. ஆனால் அதன் 18 நாகரிகத்தில் இந்தியப் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. டெஃபினிட்டிவில் வரைந்தால் திருவிதாங்கூருக்குத் திராவிடர் கிடைப்பார்கள், யானையும் உருமியும் கிடைக்கும், டச்சுக்காரருக்குப் போர்த்துகீசியரைப் போல யாரையாவது வைத்துச் சமாளிக்க வேண்டும். அடுத்த சமநிலைப் புதுப்பிப்பில் உங்கள் படையின் பலம் உங்களைக் கேட்காமலே மாறும்.

அதற்கு ஒரு தடுப்பு உண்டு. முக்கிய வீரர்களின் பலத்தை ஆட்டத்தின் இயல்பு எண்ணுக்கு விடாமல் ட்ரிகரால் நீங்களே வையுங்கள். டெஃபினிட்டிவில் பண்பை மாற்றும் விளைவு நேரடியாகவே இருக்கிறது. 1.0சி-யில் அது கிடையாது. சேதம் கொடுக்கும் விளைவில் எண்ணை மைனஸாகக் கொடுங்கள், உயிர்ப்புள்ளி கூடும். களத்தின் தொடக்க ட்ரிகரிலேயே இதைச் செய்து, எந்த வெர்ஷனில் சோதித்தது என்பதைக் களக் குறிப்பின் முதல் வரியில் எழுதிவிடுங்கள்.